எத்தனை படி?

மானகிரிப் பக்கம் கட்டடக்கலை மாணவர்கள் வந்தபடி இருக்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூணை அளக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைத் தடவிப் பார்த்து வியக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுக்கிறார்கள். போன மாசம் வந்த பிள்ளைகளோடு நானும் சுற்றினேன். அவர்கள் குறிப்பேட்டில் எல்லாம் இருந்தது, படியைத் தவிர.

செட்டிநாட்டு வீட்டை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் முதல் வரியே படிதான். தெருவிலிருந்து உயரத் தூக்கிய திண்ணை, பிறகு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்த தெருவரை நீளும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில் மேடாகக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். இருக்கட்டும். மழைக்கு ஏங்கும் இந்தச் சீமையில் அந்த உயரம் தண்ணீரை மட்டுமா நிறுத்தியது? சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்த எங்க பூட்டன், வீடு குடிபுகுந்த அன்னைக்குப் பின்வாசல்லதான் கூலிக்கு நின்னார்.

அந்தப் பின்வாசலை இப்போது வேறு இடத்தில் பார்க்கிறேன். எங்க அத்தைக்கு இளம்பிள்ளை வாதம். ஒரு அரசு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். சாய்தளம் உண்டு. குப்பைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஏறி, பூட்டிய கதவில் போய் முடிகிறது. "பின்னால சுத்தி வாம்மா" என்றார் காவலாளி. அத்தை என்னைப் பார்த்து, "பின்னால வர்றது நமக்கு என்ன புதுசாடா?" என்றார்.

நம்ம ஆட்களையும் சொல்லணும். மாடி மண்டபத்தில் கருத்தரங்கை வைத்துவிட்டு 'அனைவரும் வருக' என்று சுவரொட்டி ஒட்டியவன்தான் நான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கு என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பழைய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. புதிதாக வரையும் பள்ளிக்கூடத்துக்கும் 'செட்டிநாட்டுப் பாணி' என்று 3 அடி மேடை எதற்கு? 1 அடி ஏற 12 அடி சாய்தளம் வேண்டும். 3 அடிக்கு 36 அடி, நடுவில் நின்று இளைப்பாறத் தளம் வேறு. "அவ்வளவு இடத்துக்கு எங்கண்ணே போறது?" என்றாள் ஒரு மாணவி. "மேடையைக் குறைச்சு வரைம்மா" என்றேன்.

மறுநாள் வரைந்து எடுத்து வந்தாள். அத்தையிடம் காட்டினோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அத்தை கேட்டார்: "நான் வர்ற வாசலும் நீ வர்ற வாசலும் ஒண்ணுதானாம்மா?"

அவள் அழிப்பானை எடுத்தாள்.