சுரண்டல் அட்டை

'ஸ்க்ராட்ச் கார்டு' என்பதைத் தமிழாக்கப் புகுந்தால் 'சுரண்டல் அட்டை' என்றுதான் வருகிறது. இந்தச் சிலேடை நான் செய்ததில்லை, மொழியே செய்து வைத்திருப்பது. சுரண்டல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் நமது சட்டத்துக்கும் எனக்கும் பேதம்.

2017 செப்டம்பரில் 'தேஸ்' என்ற பெயரில் வந்து மறு ஆண்டே கூகுள் பே ஆகிவிட்ட செயலி, பணம் அனுப்பியவர்களுக்கு இந்த அட்டையைக் கொடுத்தது. விரலால் தேய்த்தால் சில ரூபாய், இல்லாவிட்டால் 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்'. தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குலுக்கல் செல்லாது என்று நிபந்தனைகளில் போட்டுவிட்டார்கள். காரணம், 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்கியவர்களில் சிலரைச் சீட்டுக் குலுக்கியோ வேறு வழியிலோ தேர்ந்து பரிசு கொடுப்பதை அது தடுக்கிறது. 2003இல் லாட்டரியையும் ஒழித்த மாநிலம் இது. அதிர்ஷ்டத்தின் மேல் நமக்கு ஓர் அறவியல் கோபம். நியாயமானதுதான்.

மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்த டீக்கடை ஒன்றில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் சொன்னான்: "நம்மூர்ல விழாதுணா. காலாப்பட்டு போயிட்டா விழும்னு பசங்க சொல்றானுங்க." காலாப்பட்டு புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. ஆக, எல்லை தாண்டினால் பிராந்தி விலையோடு அதிர்ஷ்டமும் மாறும்! கடைக்கார அம்மா சிரித்தார்: "எனக்கு எங்கடா விழுந்துது? காசு வந்துச்சு காசு வந்துச்சுன்னு அந்தப் பொட்டிதான் கத்துது."

உப்பளத்துக்கு அதிர்ஷ்டம் புதிதில்லை. கோடையில் ஒரு மழை அடித்தால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும், வார வந்த பெண்களின் பிழைப்பு அதோடு கெடும். ரோஜர் கயுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், போலச்செய்தல், கிறுகிறுப்பு என்று நான்காக வகுத்தார். ஆனால் சேர்வதும் விலகுவதும் ஆடுகிறவன் இஷ்டமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. மழை அதனால் விளையாட்டாகாது. செயலி ஆகுமா?

2019 தீபாவளிக்கு கூகுள் பே ஐந்து முத்திரைகளைச் சேர்க்கச் சொன்னது. சேர்த்தால் 251 ரூபாய். மற்றவை எப்படியோ கிடைத்தன, ரங்கோலி மட்டும் கிடைக்கவில்லை. தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் ஜனங்கள் ரங்கோலி கேட்டுத் திரிந்தார்கள். 251 ரூபாய்க்காகவா? நான் நம்பவில்லை. நாலு இருக்கிறது, ஒன்று இல்லை. அந்தக் காலி இடம்தான் இழுத்தது. சட்டம் குலுக்கலைத் தேடிக்கொண்டிருக்க, கொக்கி எண்ணிக்கைக்குள் இருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அடையாளம் காண்பவர்கள் உண்டு. அதே நூலில், கொற்கைப் பக்கம், உப்பு விற்கும் உமணரின் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடுகிறது. சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை! முத்தின் விலை அந்த நேரத்துக்கு மறந்துபோகிறது. சத்தம் போதும். இன்று 'விளையாட்டாக்கம்' என்று சொல்லப்படுவது இதைத் தலைகீழாக்கிய காரியம். கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு ஆட்டலுக்கும் கணக்கு எழுதுகிறார்கள்.

கணக்கு கூலியாகும் இடத்தில் விஷயம் கனக்கிறது. அந்தப் பையனின் அண்ணன் உப்பு வேலையை விட்டுச் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். போனில் பேசினேன். "இன்னும் ரெண்டு ஆர்டர் அடிச்சா இன்சென்டிவ்னு காட்டும். அந்த ரெண்டுதான் வராது" என்றார். நம் விமர்சகர்கள் இதைப் 'போதை' என்று சொல்லி, ஸ்கின்னரின் புறாவைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புறாவுக்குப் பெட்ரோல் செலவு கிடையாது. இவருக்கு, பெட்ரோல் போக என்ன மிஞ்சும் என்பது பைசா சுத்தமாகத் தெரியும். தெரிந்தே ஆடுகிறார்.

ஏன் என்பதற்கு மைக்கேல் புரவாயிடம் போகவேண்டும். 1974இல் சிகாகோ பக்கத்தில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர் அவர். துண்டுக்கூலி இலக்கை எட்டுவதைத் தொழிலாளர்கள் ஓர் ஆட்டமாகவே ஆடினார்கள், அவரும் ஆடினார். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய 'மேனுஃபாக்சரிங் கன்சென்ட்' வெளிவந்தது 1979இல், நமது பரிசுச் சட்டத்தின் அதே ஆண்டு. ஓர் ஆட்டத்தை ஆடிக்கொண்டே அதன் விதிகளைக் கேள்வி கேட்கமுடியாது என்பது அவர் வாதம். முதலாளியத்துக்கான இசைவு பிரசங்கத்தில் பிறப்பதில்லை, இலக்கை நோக்கிய ஓட்டத்துக்குள்ளேயே உற்பத்தியாகிறது. ஒன்று சொல்லவேண்டும்: புரவாயின் தொழிலாளிக்கு நேரம் அளக்க வந்தவனின் முகம் தெரியும், கூலி விகிதம் தெரியும். செயலியில் முகமும் இல்லை, விகிதம் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடும்.

2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி டெலிவரித் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் ஆட்டத்தை விட்டு வெளியே வந்து விதியைத் தொட்டார்கள். புரவாய் முடியாது என்றது அங்கே கொஞ்சம் முடிந்தது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி போய், நிபந்தனையை மாற்றுவதற்கு 14 நாள் முன்பே தொழிலாளிக்குச் சொல்லவேண்டும் என்கிறது. இங்கேயும் அப்படி 14 நாள் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த அண்ணனைக் கேட்டேன்.

"சங்கத்துல போய்ப் பேசலாம் சார். ஒத்து வரலன்னா, சீசனா இருந்தா உப்புக்கே திரும்பிடலாம்" என்றார்.