ஏற்றிவிடுவது அவர்கள் வேலை

பிரிஸ்டலில் இருக்கும் அக்கா பையன் இரண்டு மாதம் முன்பே எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருந்தான். எட்டு பேர், ஒரு சனிக்கிழமை, வேல்ஸ் மலையில் சைக்கிள். யார் என்ன உயரம், யாருக்கு எந்த சைஸ் வாடகை சைக்கிள், முழங்கால் கவசம் யாரிடம் இல்லை, யார் இன்னும் பணம் தரவில்லை (இரண்டு பெயர்கள் சிவப்பில்), எல்லாம் இருந்தது. ஒன்பதாவது ஆள் நான். வேடிக்கை பார்க்க.

முதல் நாள் ராத்திரி, 'மூட் வரணும் மாமா' என்று ஒரு டாகுமென்டரி போட்டுக் காட்டினான். பில்லி சாவேஜ் 2006-ல் எடுத்த 'க்ளங்கர்ஸ்'. கலிஃபோர்னியாவில் மவுன்ட்டன் பைக் பிறந்த கதை. எழுபதுகளில் மரின் கவுன்ட்டியில் சில நீளமுடி இளைஞர்கள் 1930, 40-களின் தடி டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து மலைப்பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபர் 21-ம் தேதி, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் முதல் பந்தயம். சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். பின்னால் மிதித்தால் பிடிக்கும் அந்தக் காலத்து பிரேக், இறங்கி முடிப்பதற்குள் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். வீட்டுக்குப் போய்த் திரும்ப கிரீஸ் அடைக்கவேண்டும். அதனால் பந்தயத்துக்குப் பேரே 'ரீபேக்'.

பழைய போட்டோக்கள் அபாரம். கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ், சார்லி கெல்லி எல்லோரும் தலை நரைத்து உட்கார்ந்து விழுந்த கதைகளைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குப் படத்தின் மேல் ஒரு புகார் உண்டு. நண்பர்களைப் பற்றி நண்பர்கள் பேசும் படத்தில் எல்லாமே இனிப்பாகிவிடுகிறது. விழுந்து எழுந்தவர்கள்தானே கேமரா முன்னால் உட்காரமுடியும்? இன்னொன்று, அவர்களும் மலையேறியது பல நேரம் பிக்கப் டிரக்கில்தான். டிரக்கில் ஏற்றி சைக்கிளில் இறங்குகிற பழக்கம் நேற்று வந்ததில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த மலை வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மறுநாள் போன இடம் மெர்தர் டிட்வில் பக்கத்தில், 2013-ல் திறந்த பைக்பார்க் வேல்ஸ். இரும்பும் நிலக்கரியுமாக வாழ்ந்த ஊர். 1804-லேயே ட்ரெவிதிக்கின் நீராவி எஞ்சின் தண்டவாளத்தில் ஓடியது இங்கேதான். அதே பள்ளத்தாக்கில் சில மைல் தெற்கே அபர்ஃபான். 1966-ல் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 116 குழந்தைகள் உள்பட 144 பேர் இறந்தார்கள். அதுவும் அக்டோபர் 21. காரில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பூங்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேனுக்குப் பின்னால் டிரெய்லர், அதில் வரிசையாக சைக்கிள்கள். மேலே இறக்கிவிட்டு வேன் கீழே வந்துவிடுகிறது. பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கலர் வைத்து போர்டு. கறுப்பு என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வரவும்.

கூட்டத்தில் ஒரு ஜெர்மன்காரர். வாடகை சைக்கிளை வாங்கியதும் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். பிரிட்டனில் நம் ஊர் போலவே வலது கை முன் பிரேக். அவர் ஊரில் இடது கை. வாடகை சைக்கிளில் இதை முதல் நிமிடத்தில் பார்க்காதவர் முதல் வளைவில் பார்ப்பார், தலைகீழாக.

என் விமர்சனமெல்லாம் அந்த எக்ஸெல் ஷீட் மேல்தான். அதில் உயரம் இருந்தது, பணம் இருந்தது, மத்தியானம் யாருக்கு வெஜ் சாண்ட்விச் என்றுகூட இருந்தது. 'இதற்குமுன் மலையில் ஓட்டியிருக்கிறீர்களா?' என்ற ஒரு கேள்வி இல்லை. மிதித்து ஏறினால் அந்தக் கேள்வியை மலையே கேட்டுவிடும். பாதி வழியில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் இறங்கித் தள்ளுகிறார் என்று கூட்டம் தானாகப் பிரிந்துவிடும். வேன் எல்லோரையும் சமமாக ஏற்றிவிடுகிறது. உச்சியில் ஹெல்மெட் மாட்டி நிற்கும்போது எட்டு பேரும் ஒரே மாதிரி வீரர்கள்.

போதாததற்கு நாள் முழுக்க டிக்கெட். கல்யாண வீட்டு பஃபே மாதிரி, பசி தீர்ந்த பிறகும் கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றும். அந்தக் கூட்டத்தில் முதல்முறை வந்த பெண் ஒருத்தி காலையில் மூன்று தடவை நீலத்தில் அழகாக இறங்கினாள். மூன்று மணிக்கு மேல் யாரோ, "கடைசியா ஒரு சிவப்பு, எல்லாரும் சேர்ந்து" என்றார்கள். பிரேக்கை அமுக்கி அமுக்கி அவள் விரல்கள் மரத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் காத்திருந்தோம்.

"ஏண்டா, அவளை யாராவது கேட்டீங்களா?" என்றேன் பையனிடம்.

"அவளேதான் வந்தா மாமா."

"நீங்க ஏழு பேரும் போறப்ப அவ மட்டும் கீழே நிப்பாளா?"

பதில் இல்லை. ரீபேக்கில் புதுசாக வந்தவர்களை முதலில் இறக்கிவிட்டு, கெட்டிக்காரர்களைக் கடைசியில் விடுவார்களாம். இவர்கள் தலைகீழாகப் போனார்கள். வேகமானவர் முன்னால், அவள் கடைசியில், தனியாக. விழுந்தது மற்றவர்களுக்குக் கீழே போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரிந்தது.

போன வாரம் அடுத்த ட்ரிப்புக்கு ஷீட் வந்திருக்கிறது. 'அனுபவம்' என்று ஒரு புதிய கட்டம். 'கடைசியில் வருபவர்' என்று இன்னொன்று, அதில் ஜெர்மன்காரர் பெயர். அந்தப் பெண் மறுபடி வருகிறாளாம். அவள் பெயருக்கு எதிரே 'நீலம் மட்டும்' என்று போட்டிருக்கிறான். பணம் கட்டும் கட்டத்தில்தான் இன்னும் சிவப்பு.