ராணிகளுக்கு ஊடல் உண்டா?

தை மாதம் மூன்றாந்தேதி காலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். ஆசிரமத்துக்குப் பின்புறத் தெருவில் ஒரு மாதம் தங்குவதற்காக அறை எடுத்திருந்த சமயம் அது. கிரிவலமாக அண்ணாமலையார் வருகிறார் என்று சொன்னார்கள். மேளச் சத்தம் நெருங்கியது. வந்தார். தனியாக வந்தார்.

என் பக்கத்தில் பாத்திரமும் கையுமாக நின்ற பால்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா ஐயா, ஒண்டியா வராரு. நேத்து ராத்திரி வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க" என்றாள். பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்லுகிற குரல்தான் அது.

வெளியூர் வாசகர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிருங்கி என்று ஒரு முனிவர் இருந்தார். சிவனைத் தவிர யாரையும் கும்பிடமாட்டேன் என்ற பிடிவாதக்காரர். அம்மையும் அப்பனும் ஒட்டி உட்கார்ந்திருந்தபோதுகூட வண்டாக மாறி, நடுவே புகுந்து, அப்பனை மட்டும் வலம் வந்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு அருள் செய்யப் புறப்படுகிறார் சுவாமி. அம்மனுக்குக் கோபம் வருகிறது. வராதா? இறைவன் உடம்பில் இடப்பாகத்தை அவள் தவமிருந்து பெற்றது இந்தத் திருவண்ணாமலையில்தான் என்பது தலபுராணம். பாதி உடம்பை அவமதித்தவனுக்கு மறுபாதி போய் வரம் கொடுப்பதாவது! மாட்டுப் பொங்கலன்று மாலையில் இந்தச் சச்சரவு நடப்பதற்கென்றே ஊரில் ஒரு தெரு இருக்கிறது. அதன் பெயரே திருவூடல் தெரு. சுந்தரமூர்த்தி நாயனார் நடுவில் நின்று தூது பார்க்கிறார். (திருவாரூரில் பரவையாரின் கோபத்தைத் தீர்க்கச் சிவபெருமானையே தூது அனுப்பினவர் அல்லவா? பழைய கடனைத் தீர்க்கிறார் போலும்!) தூது பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்கிறாள். சுவாமி குமரக்கோயிலில் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் மலையைச் சுற்றிவந்து பிருங்கிக்கு அருள் செய்கிறார். அதன் பிறகு வீடு திரும்பினால் மறுவூடல்.

பக்தர்கள் இதை லீலை என்பார்கள். இருக்கட்டும். கதை எழுதிப் பிழைக்கிறவன் கண்ணுக்கு இது வேறு விதமாகவும் தெரிகிறது. அண்ணாமலையார் இந்த ஊருக்கு ராஜா. தன்னையே நம்பியவனைக் காப்பது ராஜாவின் கடமை. கடமைக்கும் மனைவிக்கும் தகராறு வந்தபோது அவர் கடமையின் பக்கம் போகிறார். நம் இதிகாசங்களிலே அரசர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே மனைவிக்கு ஒரு கதவு இருக்கிறது. அதை அடைக்க அவளுக்கு உரிமை உண்டு. ஊரே கூடி நின்று அந்த உரிமையை ஒப்புக்கொள்கிறது.

இதே ஊரின் இன்னொரு கதையைப் பாருங்கள். கோயிலில் வல்லாள கோபுரம் என்று ஒன்று இருக்கிறது. வல்லாள மகாராஜன் கதையை எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்தில் பாடியிருக்கிறார். வந்தவர் கேட்டதை இல்லையென்னாமல் கொடுப்பது அந்த அரசனுடைய விரதம். சிவனடியார் ஒருவர் வந்து தாசி வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள தாசிகள் ஒருவர்கூட ஓய்வாக இல்லை. எல்லாம் சிவனுடைய ஏற்பாடு. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அரசன் தன் இளைய ராணி சல்லமாதேவியைப் போகச் சொல்கிறான். அவளும் போகிறாள். தொட்டவுடன் அடியார் குழந்தையாகி விடுகிறார். பிள்ளையில்லாத அரசனுக்குத் தாமே பிள்ளை என்று சொல்லி மறைகிறார். அந்த வாக்கின்படி இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, வல்லாளனுக்குப் பிள்ளைக் கடன் செய்கிறார்.

வல்லாளன் கற்பனை அரசன் அல்ல. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர்தான் அவர் என்பார்கள். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்து, 1342ஐ ஒட்டி, தள்ளாத வயதில், மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலில் வைக்கோலை அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டதாக இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அப்படிச் செத்த கிழவருக்கு வருஷந்தோறும் கடவுளே கருமம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்ட இந்த ஊர் ஜனங்களின் மனசு பெரியது. அதைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை சல்லமாதேவியைப் பற்றியது. அவள் அலங்காரம் செய்துகொண்டு அந்த அறைக்குள் போகிறாள். குழந்தை அழுகிறது. எல்லாரும் மெய்சிலிர்க்கிறார்கள். சரி, அன்று இரவு அவளும் ராஜாவும் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள்? போகச் சொன்னவன் முகத்தை அவள் எப்படிப் பார்த்தாள்? நான் படித்த, கேட்ட வடிவங்களில் ஒன்றிலும் இதற்கு இடம் இல்லை. அற்புதம் வந்து அந்தக் காட்சியை எழுதவேண்டிய சிரமத்திலிருந்து கவிஞரைக் காப்பாற்றிவிட்டது! அம்மனுக்குத் தெருவே கொடுத்த ஊர், சல்லமாதேவிக்கு ஒரு கதவுகூடக் கொடுக்கவில்லை. காசியில் விலைப்பட்ட அரிச்சந்திரன் மனைவி கதையும் இதேதான்.

அரண்மனைக்குள் ஊடலை விட நம்மவர்கள் ஏன் அஞ்சினார்கள்? திருவள்ளுவர் சாமர்த்தியசாலி. பெண்வழிச் சேறல் கூடாது என்று பொருட்பாலில் ஓர் அதிகாரம் வைத்தார். ஊடலின் இன்பத்தைக் காமத்துப்பாலின் கடைசியில், நூலுக்கே முடிவாக வைத்தார். அந்த ஆளும் இந்த ஆளும் ஒரே ஆளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் போகவில்லை.

இளங்கோவடிகள் போனார். மதுரையில் நெடுஞ்செழியன் ஆடல் மகளிரிடம் மனம் செலுத்துவதைக் கண்டு கோப்பெருந்தேவிக்குக் கோபம் வருகிறது. அவள் கோபத்தைக் காட்டவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். (ராணியாக இருந்தால் ஊடுவதற்குக்கூட ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.) அவளைச் சமாதானம் செய்ய அரசன் அந்தப்புரம் நோக்கி விரைகிறான். வழியில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். அந்த அவசரத்தில் விசாரணை ஏது? கையில் சிலம்பு இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியாகிவிட்டது. ஒரு கணவன் மனைவியிடம் போகிற வேகத்தில், இன்னொரு மனைவி கணவனை இழக்கிறாள். விதியைப் பற்றி ஆயிரம் பேசலாம். அந்த மாலை நேரத்துத் தலைவலியை அங்கே கொண்டு வைத்ததில்தான் அடிகளின் மேதையை நான் காண்கிறேன்.

நெடுஞ்செழியன் செய்த பிழையை ராமன் செய்யவில்லை. அதற்கு நேர் எதிர்ப் பிழையைச் செய்தான். ஊர் வம்பு காதில் விழுந்ததும், கர்ப்பிணியான சீதையைக் காட்டில் விட்டுவரத் தம்பிக்கு உத்தரவிடுகிறான். ராஜதர்மம் என்கிறார்கள். தர்மமோ இல்லையோ, அதைத் தானே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ராமனுக்குத் தைரியமில்லை. ஆசிரமங்களைப் பார்க்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதையே சாக்காக்கி அனுப்பிவிடுகிறான். கங்கைக்கு அக்கரையில் லட்சுமணன் அழுதுகொண்டு சொல்லும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. கதவு அவள் பக்கத்தில் இல்லை. அவன் பக்கத்தில் இருந்தது. அவன் சாத்திவிட்டான்.

இந்த இடத்தைத் தொட நம் பெரியவர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமல்ல. கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். தமிழ் உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம். 1958ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' கதையும் அங்கேதான் நிற்கிறது. காளிதாசன் நிற்கவில்லை. ரகுவம்சத்தில் சீதை லட்சுமணனிடம் செய்தி சொல்லி அனுப்பும்போது ராமனைக் கணவன் என்று குறிப்பிடாமல் 'அந்த ராஜா' என்கிறாள். ஒரே ஒரு சொல். ஊடலின் முதல் முளை அது. பவபூதி மனசு பொறுக்காதவர். உத்தரராமசரிதத்தின் ஏழாம் அங்கத்தில் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டார். மூன்றாம் அங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சீதையின் ஸ்பரிசம் மட்டும் பட்டு ராமன் தெளியும் கட்டத்தை எழுதிய கைக்கு, அந்த முடிவை மன்னித்துவிடலாம். நம் காலத்தில் புதுமைப்பித்தன் 1943ல் 'சாபவிமோசனம்' எழுதினார். சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். சீதைக்குப் பதிலாக இன்னொருத்தி ஊடினாள் என்று அந்தக் கதையைப் படிக்கத் தோன்றுகிறது எனக்கு.

ஆனால் சீதைக்கு வக்கீல் தேவையில்லை என்பது வால்மீகி உத்தரகாண்டத்தின் கடைசியில் தெரிகிறது. யாகத்தில் பக்கத்தில் பொற்பிரதிமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த ராமன், உயிரோடு வந்த சீதையை, சபை நடுவில் இன்னொரு முறை சத்தியம் செய்யச் சொல்கிறான். செய்கிறாள். ராமனைத் தவிர வேறொருவரை நான் மனத்தாலும் நினையாதது மெய்யானால் பூமாதேவி இடம் கொடுக்கட்டும் என்கிறாள். அவன் கேட்ட சத்தியமும், அவன் கேட்காத விடையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. பூமி பிளந்து மூடிக்கொள்கிறது. அதன் பிறகு ராமன் பூமியைப் பார்த்துக் கோபிக்கிறான், அழுகிறான், மிரட்டுகிறான். கதவைத் தட்டுகிறவன் பேச்சுத்தான் அது. மறுவூடல் இல்லாத ஊடல். அற்புதம் இங்கேயும் வருகிறது. ஆனால் ராஜாவைக் காப்பாற்ற வரவில்லை. உத்தரகாண்டம் பிற்சேர்க்கை என்று அறிஞர்கள் சொல்வதை நான் அறிவேன். சேர்த்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு பேசுகிறவன் தன் கதையையும் சொல்லவேண்டும். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் ஓர் அதிகாரி வருகிறார். நேர்மைக்காகத் தன் மைத்துனன்மீதே வழக்குப் போடுகிறார். மனைவி பிறந்தகத்தில் தலைகாட்ட முடியாமல் ஆகிறது. கடைசி அத்தியாயத்தில் அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துச் சிரிக்கிறாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பலர் பாராட்டி எழுதினார்கள். ஒரு பெண்மணி மட்டும் தபால் கார்டில் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: "அந்தக் காப்பியை அவள் எந்த மனசோடு கலந்தாள்?" நான் பதில் எழுதவில்லை. அற்புதத்துக்குப் பதிலாக நான் காப்பியை உபயோகித்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் விடியற்காலையில் பால் ஊற்ற வந்த அம்மாவிடம், "என்னம்மா, ராத்திரி கதவு திறந்தாச்சா?" என்று கேட்டேன்.

"திறக்காம? சும்மா ஒண்ணும் திறக்கல ஐயா. அவரு வந்து வாசல்ல நின்னாரு, அப்புறந்தான்" என்று சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த நாவலின் மறுபதிப்புக்குப் புரூப் வந்து மேஜைமேல் கிடக்கிறது. மற்றதெல்லாம் திருத்தி அனுப்பியாகிவிட்டது. கடைசி அத்தியாயம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பதிப்பகத்தார் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்கள்.