கேம் பாடத்தில் கேட்காத கேள்வி

எந்திர இயங்கியலில் கேம் பாடத்தை நடத்தும் விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இடப்பெயர்ச்சி வரைபடம், அதிலிருந்து கேமின் வடிவம். சுத்தமா வரைஞ்சு முடிச்சா மதிப்பெண். முடுக்கத்துக்கு உச்ச மதிப்பின் சூத்திரம் ஒண்ணு, அதோட சரி.

ஃபாலோவர் 0.05 வினாடியில் 20 மி.மீ. ஏறணும்னு வைங்க. சீரான முடுக்கத்தில் உச்சம் 32 மீ/வி². சைக்ளாய்டில் சுமார் 50. உச்சத்தை மட்டும் பார்த்தா முதலாவதுதான் ஜெயிக்கும். ஆனா பாதி வழியில் அது +32-லிருந்து −32-க்கு ஒரே கணத்தில் தாவுது. நிலையிலிருந்து கிளம்பும்போதும் போய் நிற்கும்போதும் இன்னும் இரண்டு தாவல். எளிய சீரிசை இயக்கத்துக்கும் அந்த இரண்டு முனைகளில் தாவல் உண்டு. நிஜ ஃபாலோவருக்கு நிறையும் இருக்கு, நெகிழ்வும் இருக்கு. ஒவ்வொரு தாவலும் அதை அதிர வைக்கும். வேகம் கூடக்கூட சத்தமும் தேய்மானமும் கூடும். சைக்ளாய்டு உச்சத்தில் கூடுதலா கொடுத்தாலும் தாவலே இல்லாம ஏறி முடிக்குது.

காகிதத்தில் மூணு கேமும் ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் தெரியும். வித்தியாசம் முடுக்க வரைபடத்தில்தான் இருக்கு. வடிவத்தை வரையச் சொல்லும் வினாத்தாள் அதையும் வரையச் சொல்லணும். இல்லேன்னா நாம சொல்லிக்கொடுக்கிறது வடிவமைப்பு இல்லை, வெறும் வரைகலை.