நிறுத்தச் சொல்ல ஓர் ஆள்

தொழிற்சாலை முழுக்கத் துப்பாக்கி ஏந்திய ராணுவ வீரர்கள். உள்ளே வேற்றுக்கிரகத்தாரின் சதி நடக்கிறது என்று சந்தேகம். ஆளாளுக்கு இயந்திரங்களைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். டோனா நோபிள் மட்டும் நேராகப் பணியாளர் பிரிவு அறைக்குப் போய், ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். திறந்தால் உள்ளே ஒரு தாள்கூட இல்லை. அது சிக் லீவ் கோப்பு. இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவருக்குக்கூட ஒருநாள் காய்ச்சல், தலைவலி வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? அங்கே யாரும் தன் நினைவோடு வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம்! தொள்ளாயிரம் வயது மேதைக்கும் ஒரு படைக்கும் தோன்றாத விஷயம், அலுவலகம் அலுவலகமாகத் தற்காலிக வேலை பார்த்து அலைந்த ஒரு பெண்ணுக்குத் தோன்றியது.

நான் பதினாறு வருடங்களாக ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் விடுப்புக் கணக்கும் பார்ப்பவள். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் காட்சியைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினேன். உலகத்தைக் காப்பாற்றும் கதைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். என் மேஜையில் இருக்கும் அதே கோப்பை வைத்து உலகத்தைக் காப்பாற்றியதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அன்றிலிருந்து ‘டாக்டர் ஹூ’ எனக்கு உயிர்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23-ஆம் தேதி தொடங்கிய தொடர் இது. அந்தத் தொள்ளாயிரம் வயது மேதை, தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஒருவர், டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படுபவர், காலத்துக்குள்ளும் அண்டவெளியிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறார். அவருடைய வாகனம் டார்டிஸ். வெளியே பார்த்தால் லண்டன் தெருக்களில் ஒரு காலத்தில் நின்ற நீலநிறப் போலீஸ் பெட்டி. கதவைத் திறந்து உள்ளே போனால் பிரம்மாண்டமான கூடம். உயிர் போகும் நிலை வந்தால் உடம்பையே மாற்றிக்கொண்டு வேறு முகத்தோடு எழுந்துவிடுவார். அதனால்தான் நடிகர்கள் மாற மாற, தொடர் அறுபது வருடம் தாண்டியும் ஓடியது.

ரசிகர்கள் கூடினால் எந்த நடிகர் சிறந்த டாக்டர் என்றுதான் பேச்சு போகும். நான் கேட்பது வேறு: கூட யார் போனார்கள்? டாக்டரோடு டார்டிஸில் ஏறும் சாதாரண மனிதர்களைச் சொல்ல நம் மொழியில் அருமையான சொல் இருக்கிறது: வழித்துணை. ஊருக்குத் தனியாகக் கிளம்புகிறவரிடம் “வழித்துணைக்கு யார் வர்றா?” என்று கேட்கிறோமே, அந்தத் துணை. பையைத் தூக்க மட்டும் வரும் ஆள் இல்லை. பாதை தப்பும்போது கையைப் பிடித்து இழுக்கிற ஆள். டோனா அப்படி ஒருத்தி. அடித்துச் சொல்வேன்: இந்தத் தொடரின் உயிர் அவர்கள்தான். டாக்டருக்கு எல்லாம் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொல்லத்தான் அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.

இது பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்த கருத்து இல்லை. தொடர் தொடங்கிய மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது. அறிவியல் ஆசிரியர் இயன் செஸ்டர்ட்டன், வரலாற்று ஆசிரியை பார்பரா ரைட் இருவரும், தங்கள் மாணவி சூசன் ஒரு புதிராக இருக்கிறாளே என்று அவள் பின்னாலேயே போய், அவள் தாத்தாவான டாக்டரின் டார்டிஸுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அது அவர்களைக் கற்காலத்தில் கொண்டுபோய் விடுகிறது. துரத்தி வந்த ஆதிமனிதன் ஒருவனை விலங்கு தாக்கிவிடுகிறது. ஓடித் தப்பிக்க அதுதான் நேரம். ஆனால் பார்பரா அடிபட்டவனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறாள். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் மெல்ல ஒரு கூர்மையான கல்லை எடுக்கிறார். இயன் அந்தக் கையை எட்டிப் பிடிக்கிறான். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறான். டாக்டர் ஏதோ ஒரு சமாதானம் சொல்கிறார். அதை யாரும் நம்பவில்லை. கறுப்பு வெள்ளையில் சில நொடி வந்து போகும் காட்சிதான். அந்த இடத்தில் இயன் இல்லாமல் இருந்திருந்தால், நமக்குத் தெரிந்த கருணையுள்ள டாக்டர் பிறந்தே இருக்க மாட்டார்.

1964-இல் வந்த ‘தி ஆஸ்டெக்ஸ்’ கதையைப் பாருங்கள். பழைய மெக்சிகோவில் பார்பராவைத் தெய்வத்தின் மறுபிறவி என்று கொண்டாடுகிறார்கள். அந்த அதிகாரத்தை வைத்து நரபலியை ஒழித்துவிடலாம் என்று அவள் துடிக்கிறாள். வரலாற்றை மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். கடைசியில் அவள் தோற்றுப்போகிறாள். ஆனால் அவளுடைய பேச்சு ஒரே ஒரு பூசாரியின் மனசை மாற்றிவிடுகிறது. ஒரு நாகரிகத்தைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு மனிதனுக்கு உதவினாயே என்று டாக்டரே அவளைத் தேற்றுகிறார். ஒருவரையாவது! இந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நாற்பத்து நான்கு வருடம் கழித்து, 2008-இல், அதே சொல்லை டோனா கையில் எடுக்கிறாள். இடம் பொம்பெயி நகரம். கி.பி. 79. மறுநாள் வெசூவியஸ் வெடிக்கப் போகிறது. நகரம் அழியாவிட்டால் உலகமே அழியும் என்ற நிலை. எரிமலையின் வயிற்றுக்குள் நின்று டாக்டர்தான் அந்த விசையை அழுத்த வேண்டும். அவர் கை நடுங்கி நிற்கிறது. டோனா ஒன்றும் பேசவில்லை. தன் கையை அவர் கைமேல் வைக்கிறாள். இருவரும் சேர்ந்து அழுத்துகிறார்கள். அந்தப் பாவத்தில் பாதி எனக்கு என்று சொல்லாமல் சொல்கிற கை அது. நான் அந்த இடத்தில் காட்சியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. சாம்பல் மழையாகக் கொட்டுகிறது. தெரிந்த ஒரு குடும்பம் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. டாக்டர் டார்டிஸில் ஏறிக் கிளம்பிவிடுகிறார். டோனா அழுதுகொண்டே கெஞ்சுகிறாள். ஊரை வேண்டாம், யாராவது ஒருவரையாவது காப்பாற்றுங்கள் என்கிறாள். இருட்டில் கிடக்கும் அந்தக் குடும்பத்தின் முன்னால் டார்டிஸ் திரும்ப வந்து நிற்கிறது. வெளிச்சத்துக்குள்ளிருந்து டாக்டரின் கை நீள்கிறது. பிறகு ரோம் நகரில் அந்தக் குடும்பம் புது வீட்டில் குடியேறி, வீட்டுச் சாமி மாடத்தில் டாக்டரையும் டோனாவையும் செதுக்கி வைத்துக் கும்பிடுகிறது. குலதெய்வக் கோயில்களின் கதைகள் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சிலை உடனே புரிந்துவிட்டது.

இதில் இன்னொரு அதிசயம் இருக்கிறது. அந்தக் குடும்பத் தலைவராக நடித்தவர் பீட்டர் கபால்டி. சில வருடம் கழித்து அவரே டாக்டராக நடிக்க வந்தார். ஏன் இந்த முகம் எனக்கு வந்தது என்று அந்த டாக்டர் யோசித்துக்கொண்டே இருக்கிறார். 2015-இல்தான் பதில் தெரிகிறது. ஒருவரையாவது காப்பாற்ற வேண்டும் என்று டோனா கற்றுக்கொடுத்ததை மறக்காமலிருக்கத்தான் காப்பாற்றியவரின் முகத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு வழித்துணை சொன்ன வார்த்தை ஒருவருடைய முகமாகவே ஆகிவிட்டது!

அலுவலக அறிவு என்றால் டோனாதான். ஒரு கிரகத்தில் தலைமுறை தலைமுறையாகப் போர் நடக்கிறது. சுவரெல்லாம் எண்கள். யாருக்கும் பொருள் தெரியவில்லை. அவள் மட்டும் தாளில் குறித்துக்கொண்டே வருகிறாள். லண்டனில் ஹௌன்ஸ்லோ நூலகத்தில் ஆறு மாதம் வேலை பார்த்து, புத்தக எண் முறையை இரண்டே நாளில் கற்றவள் அவள். அவை தேதிகள் என்று கண்டுபிடிக்கிறாள். ஆண்டாண்டுக் காலமாக நடப்பதாக நம்பப்பட்ட போர் தொடங்கி ஏழு நாள்தான் ஆகிறது! இயந்திரத்திலிருந்து ஒரே நாளில் பல தலைமுறைகள் பிறந்து செத்துக்கொண்டிருந்திருக்கின்றன. கடைப் பணிப்பெண் ரோஸ், மருத்துவ மாணவி மார்த்தா, பல்கலைக்கழகக் கேன்டீனில் சிப்ஸ் பரிமாறிய பில், 1746-இன் ஸ்காட்லாந்துப் போர்க்களத்திலிருந்து வந்த ஜேமி என்று ஒவ்வொருவரும் இப்படித்தான், தங்கள் பிழைப்பு கற்றுக்கொடுத்த ஏதோ ஒன்றோடு டார்டிஸில் ஏறுகிறார்கள்.

துணையே இல்லாமல் டாக்டர் போனால் என்ன ஆகும்? 2009-இல் ‘தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்’ அதைக் காட்டிவிட்டது. தனியாகத் திரிகிறார். காலத்தின் விதிகளே என் சொல்படி நடக்க வேண்டும் என்ற ஆணவம் தலைக்கேறுகிறது. செவ்வாயில் சாக வேண்டிய அடிலெய்டு புரூக்கைக் காப்பாற்றிப் பூமிக்குக் கொண்டுவருகிறார். இவ்வளவு அதிகாரம் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் வீட்டுக்குள் போய்த் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஓர் உயிரே அந்த வேலையைச் செய்ய வேண்டியதாகிவிட்டது. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழித்துணை என்றால் ஒருநாள் இறங்கியும் ஆக வேண்டும். பத்திரிகையாளர் சாரா ஜேன் ஸ்மித்தை 1976-இல் டாக்டர் ஒரு தெருவில் இறக்கிவிட்டார். அது அவளுடைய தெருவே இல்லை. முப்பது வருடம் கழித்து, 2006-இல், ஒரு பள்ளியின் இருட்டறையில் அந்த நீலப் பெட்டியை அவள் மறுபடி பார்க்கிறாள். சாராவாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் அங்கே ஒன்றும் சொல்லாமல் பின்னால் நகரும் அந்த இரண்டடியில் முப்பது வருடக் காத்திருப்பும் தெரியும். அவளும் ரோஸும் முதலில் மல்லுக்கு நிற்கிறார்கள். நான் பார்த்த பூதம் பெரிசா, நீ பார்த்தது பெரிசா என்று போட்டி. பிறகு டாக்டரின் பழக்கவழக்கங்களைச் சொல்லிச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த அக்காளும் தங்கையும் போல.

என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு அத்தியாயம். 2018-இல் வந்த ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’. எழுதியவர் வினய் படேல். அப்போது டாக்டர் ஒரு பெண். ஷெஃபீல்டு நகரத்துப் பயிற்சிக் காவலர் யாஸ்மின் கான், தன் பாட்டியின் உடைந்த கைக்கடிகாரத்தின் கதையைத் தேடி 1947 ஆகஸ்டுக்குப் போகிறாள். பாட்டி உம்ப்ரீன் கல்யாணம் செய்துகொள்ளப் போவது யாஸ்மினின் தாத்தாவை இல்லை, பிரேம் என்ற ஓர் இந்து இளைஞனை என்று தெரிகிறது. எல்லைக்கோடு விழும் நேரம். மாப்பிள்ளையின் சொந்தத் தம்பியே ஆயுதக் கும்பலோடு வருகிறான். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பையன் தப்பிச்சிடுவானாடி?” என்று கேட்டார். தப்பிக்க மாட்டான். அவனைக் காப்பாற்றினால் யாஸ்மின் பிறக்கவே மாட்டாள். எல்லோரும் திரும்பி நடக்கிறார்கள். பின்னால் ஒரு வெடிச்சத்தம். கேட்பாரற்றுச் சாகிறவர்களின் பக்கத்தில் சாட்சியாக நிற்பதையே கடமையாகக் கொண்ட இரண்டு வேற்றுக்கிரகத்தார் மட்டும் அவனோடு நிற்கிறார்கள். வீடு திரும்பிய யாஸ்மினிடம், கடிகாரத்தின் கதையைச் சொல்லட்டுமா என்று பாட்டி கேட்கிறாள். இன்னொரு நாள் சொல்லுங்கள் என்கிறாள் பேத்தி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத அம்மா அவர்.

டோனாவின் முடிவைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டரின் அறிவு முழுவதும் அவள் மூளைக்குள் இறங்கிவிடுகிறது. மனித உடம்பு அதைத் தாங்காது. உயிரைக் காப்பாற்ற, பயணம் முழுவதையும் அவள் நினைவிலிருந்து டாக்டர் அழித்துவிடுகிறார். வேண்டாம் என்று அவள் கதறுகிறாள். தன் வாழ்க்கையிலேயே பெரிய காரியங்களைச் செய்த ஒருத்திக்கு, செய்ததே தெரியாமல் போய்விட்டது! மழையில் வாசலில் நிற்கும் தாத்தா வில்ஃபிரட், அவளுக்குப் பதிலாக நான் தினமும் ராத்திரி வானத்தைப் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். பெர்னார்டு கிரிபின்ஸ் அந்தக் காட்சியில் தாத்தாவாக நடித்ததை மறக்கவே முடியாது. பதினைந்து வருடம் காத்திருந்தோம். 2023-இல், லண்டனைக் காப்பாற்ற, உயிர் போனாலும் போகட்டும் என்று டோனா நினைவைத் திரும்பப் பெற்றாள். பிழைத்தும்விட்டாள். மகளோடு அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டதால். நான் வாய்விட்டு அழுதேன்.

முதல் வழித்துணை இயனும் திரும்பி வந்தார். 2022 அக்டோபரில் ‘தி பவர் ஆஃப் தி டாக்டர்’ ஒளிபரப்பானது. டாக்டரோடு பயணம் போய் வந்தவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறார்கள். அந்த வட்டத்தில் இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸல். வயது 97. டாக்டர் இப்போது பெண் என்று அறிந்து அவர் திகைக்கும் அந்தச் சில நொடிகளுக்காக நான் அந்த அத்தியாயத்தை மூன்று தடவை பார்த்தேன். ஒரே கதாபாத்திரத்தில் 57 வருடம் கழித்துத் திரும்பியதற்காக அவர் பெயர் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2024-இல், 99 வயதில் மறைந்தார்.

இந்தத் தொடரைப் பார்க்க நினைத்தால், அறுபது வருட மலையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். டோனா வரும் 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பை எடுத்து, அதில் பொம்பெயி கதையை முதலில் பாருங்கள். விசைமேல் இருக்கும் அந்த இரண்டு கைகளையும் பார்த்துவிட்டால், மிச்சத்தை நீங்களே தேடிப் போவீர்கள். தனியாகப் பார்க்காதீர்கள்; அம்மாவையோ தங்கையையோ, யாராவது ஒருவரையாவது துணைக்கு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.