விரிப்பின் மடிப்பு

கொழும்புக் கோட்டையில், யோர்க் வீதியின் துறைமுக முனையில், 1875 முதல் இயங்கிவரும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் வியாபார நிமித்தம் ஓரிரவு தங்குகிறவர்கள், மேல்மாடி உணவுச்சாலையிலிருந்து தெரியும் கப்பல்களைப் பற்றியே பிரஸ்தாபிப்பார்கள், அது நியாயந்தான். ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தது கட்டில் விரிப்பு. அறைப் பணியாளர் அவ்வெள்ளைத் துணியை ஒரே வீச்சில் உதற, அது கப்பற்பாய்போல் உப்பி, 'சர்'ரென்ற மெல்லோசையுடன் மெத்தைமேல் சமமாய் அமர்வதும், மூலையைச் சாய்வாக மடித்து, புறங்கையால் நிதானமாய் நீவி, அடியில் செருகியபின் ஒரு சுருக்கமும் எஞ்சாதிருப்பதும், நின்று ரசிக்கத்தக்க சாமர்த்தியம். கஞ்சியிட்ட துணியின் மொரமொரப்பும், அதில் தங்கிய சவர்க்கார வாசனையும் களைத்த தேகத்துக்குத் தரும் சௌக்கியம் அலாதியானது. கணக்குப் புத்தகத்தை மறக்கச் செய்வது லேசான காரியமா? இரவெல்லாம் நான் புரண்டும் அம்மூலை அவிழவில்லை.