கடாரம் கொண்டான், சரி. கப்பல் ஓட்டினது யார்?

ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் புறப்படாத நாளே இன்ஸ்டாகிராமில் இல்லை. 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபிறகு இன்னும் ஜாஸ்தி. இந்தப் பெருமிதத்தின் மூலத்தைத் தேடிக்கொண்டே போனால் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்போம். 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். 1929 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். சிதறிக் கிடந்த கல்வெட்டுகளிலிருந்து ஒரு பேரரசையே எழுப்பிக் காட்டியது அவருடைய ‘சோழர்கள்’. முதல் பகுதி 1935-இல் வந்தது. ராஜராஜனின் அரசாட்சியை பைசாந்தியத்தோடு ஒப்பிடும் அளவுக்கு அதை ரசித்து எழுதினார்.

ஆனால் சாஸ்திரி தன் ரசிகர்களைவிட நேர்மையானவர். 1025 படையெடுப்புக்கு அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். சோழ வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் இடைஞ்சல் செய்திருக்கலாம். இல்லையென்றால், கடல் தாண்டியும் திக்விஜயம் செய்து மகுடத்துக்கு ஒளி சேர்க்கும் ஆசை. இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார். நம்ம ஆட்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இடறுவது அடுத்த அடி. புகழாசை என்று எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. யானைகளையும் பொக்கிஷக் குவியலையும் கவர்ந்ததை மெய்க்கீர்த்தியே வரிசையாகச் சொல்கிறது. அதைக் கொள்ளை என்று நேராகப் படிக்க 1983-இல் ஜார்ஜ் ஸ்பென்சரின் புத்தகம் வர வேண்டியிருந்தது.

இதே கதையைப் பழவேற்காட்டிலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. சோழமண்டலத்தைக் ‘கோரமண்டல்’ ஆக்கிய ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள், பஞ்ச காலங்களில் மனிதர்களையும் வாங்கி, அடிமைகளாகப் படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதை யாரும் ஒளி என்று எழுதுவதில்லை. நாமும் கூசாமல் கொள்ளை என்கிறோம். கப்பல் கிழக்கே போனது, கரை நம்முடையது. கொடி மாறினால் மட்டும் சொல் மாறிவிடுகிறது.

ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கடாரக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்தக் காத்துல போனாங்க? எத்தனை பேரு திரும்புனாங்க தம்பி?” என்றார்.

மெய்க்கீர்த்தியில் மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று ஊர்ப்பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றும் எந்த ஊர் என்று அடையாளம் காணும் விவாதத்துக்கு சாஸ்திரி பக்கங்களைச் செலவழித்திருக்கிறார். பெரியவர் கேட்ட கணக்கு மெய்க்கீர்த்தியில் இல்லை.